சிறு வணிகங்களின் இணையதளமும் சமூக ஊடகப் பக்கங்களும்: புதுப்பித்தலும் பராமரிப்பும்

சிறு வணிக இணையப் பராமரிப்பு என்பது, ஒரு கடை, பட்டறை, உணவகம், தங்கும் விடுதி, தையல் பயிற்சி நிலையம் போன்ற சிறு நிறுவனம் தன்னைப் பற்றி இணையத்தில் வெளியிட்டுள்ள தகவல்களை நடப்பு நிலைக்கு ஏற்ப அவ்வப்போது சரிபார்த்துத் திருத்தி வரும் பணியாகும். நிறுவனத்தின் சொந்த இணையதளம், கூகுள் வரைபடத்தில் உள்ள விவரப் பதிவு, முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் கணக்குகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

நாள்தோறும் ஒரு படமோ வாழ்த்துச் செய்தியோ இடுவதுதான் இப்பணி என்று பலர் கருதுகின்றனர். அது ஒரு சிறு பகுதி மட்டுமே. முதன்மையான பகுதிகள் இரண்டு. முன்பு வெளியிட்ட தகவல் இன்றும் உண்மைதானா என்று பார்த்துத் திருத்துவது முதலாவது. அவ்வாறு திருத்துவதற்கான உரிமையும் கடவுச்சொல்லும் உரிமையாளரின் கையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது இரண்டாவது. இரண்டாவது தவறினால், தகவல் பிழையானது என்று தெரிந்தும் அதைத் திருத்த முடியாத நிலை ஏற்படும்.

இணையத்தில் ஒரு வணிகம் இருக்கும் இடங்கள்

இந்த இடங்களை, அவை யாருக்குச் சொந்தம் என்ற அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

1. சொந்த இணையதளம்: ஆள்களப் பெயர் எனப்படும் டொமைன் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி, வழங்கியில் இடம் வாடகைக்குப் பெற்று நடத்துவது. கட்டணம் செலுத்தும் வரை அந்தப் பெயரும் அதில் உள்ள எழுத்தும் படமும் வணிகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

2. விவரப் பதிவுகள்: கூகுள் வணிக விவரம் இவற்றில் பெரிதும் பயன்படுவது. இச்சேவை 2014 இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2021 இல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாற்றப்பட்டது. கடைக்காரர் எதுவும் செய்யாவிட்டாலும், பொதுமக்கள் சேர்த்த தகவலைக் கொண்டு அவருடைய கடை வரைபடத்தில் தோன்றக்கூடும்.

3. சமூக ஊடகப் பக்கங்கள்: இவை பிறருக்குச் சொந்தமான இடத்தில் நடத்தப்படுபவை. விதிகளையும் அந்த நிறுவனங்களே வகுக்கின்றன. சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம்.

மூன்றாவது வகையை மட்டும் நம்பியிருந்த வணிகங்கள் இழப்பைச் சந்தித்ததற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் பல உண்டு. ஆர்குட் 2014 செப்டம்பரிலும், பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் மட்டும் விளம்பரம் செய்துவந்த சிறு வணிகர்களுக்கும் தங்கள் பார்வையாளர்களுடன் இருந்த தொடர்பு ஒரே இரவில் அறுந்தது. 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இயங்கவில்லை. வணிக விவரப் பதிவுடன் கூகுள் இலவசமாக வழங்கிவந்த ஒரு பக்க இணையதளங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரியைப் பெயர் அட்டையிலும் பையிலும் அச்சிட்டிருந்த கடைகள் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, ஒரே ஒரு பக்கம் கொண்டதாக இருந்தாலும் சொந்தப் பெயரில் ஓர் இணையதளம் இருப்பது பாதுகாப்பானது. சமூக ஊடகப் பக்கங்கள் அதற்கு வழிகாட்டும் பலகைகளாக அமையலாம்.

பழைய தகவலால் ஏற்படும் இழப்பு

இணையத்தில் தகவலே இல்லாத கடையைத் தேடுபவர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். தவறான தகவல் உள்ள கடையைத் தேடுபவர் அதை நம்பிப் புறப்பட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று வரைபடம் காட்டியதால் இரண்டு பேருந்து மாறி வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால், அந்தக் கடைக்கு மீண்டும் வருவது அரிது.

தகவல் பழையதாகும் வழிகள் பல. அவற்றுட் சில உரிமையாளர் செய்யும் மாற்றங்களால் வருபவை. சில அவர் எதுவும் செய்யாமலே வருபவை. பின்னவையே எளிதில் கவனத்திலிருந்து தப்புகின்றன.

முகவரி: 2019 இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியனவும், 2020 இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. கடை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மாவட்டம் மாறியது. செங்கல்பட்டில் உள்ள கடை இன்னமும் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று போட்டிருந்தால், மாவட்டப் பெயரைச் சேர்த்துத் தேடுபவருக்கு அது எளிதில் கிடைக்காது.

வழி: 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் அரசுப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. ‘கோயம்பேட்டில் பேருந்து ஏறி வரவும்’ என்று வழி சொல்லும் ஒரு விடுதியின் பக்கம், விருந்தினரைத் தவறான பேருந்து நிலையத்துக்கு அனுப்பிவிடும்.

விலை: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாற்றப்பட்டன. எடுத்துக்காட்டாக, 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கு 12 விழுக்காடாக இருந்த வரி 5 விழுக்காடானது. 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 18 விழுக்காடானது. வரி சேர்த்து விலை போட்டிருந்த ஆடைக் கடைகளின் பட்டியல்கள் அன்றே பழையனவாயின.

தொலைபேசி எண்: இது எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய தகவல். பயன்படுத்தாமல் விடப்பட்டுத் துண்டிக்கப்படும் கைப்பேசி எண், குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. பழைய எண் இணையதளத்தில் நீக்கப்படாமல் இருந்தால், வாடிக்கையாளரின் அழைப்பும் சில வேளைகளில் முன்பணமும் அறியாத ஒருவரிடம் போய்ச் சேரும். மேலும், நிறுவனங்களின் பெயரில் போலித் தொடர்பு எண்களை இணையத்தில் பரப்பிப் பணம் பறிக்கும் மோசடி இந்தியாவில் பரவலாக நடக்கிறது. கடையின் சொந்தப் பக்கத்தில் சரியான எண் தெளிவாக இருந்தால்தான் வாடிக்கையாளர் போலியை ஒப்பிட்டு அறிய முடியும். இத்தகைய இணையவழி நிதி மோசடிகளை 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே தெரிவிக்கலாம்.

அடிப்படைத் தகவல் தாள்

ஒரே தகவல் ஐந்தாறு இடங்களில் இருப்பதால், ஓரிடத்தில் திருத்தி மற்ற இடங்களில் மறந்துவிடுவது வழக்கமாக நிகழும் தவறு. இதைத் தவிர்க்க எளிய வழி, எல்லாத் தகவல்களையும் ஒரே தாளில் எழுதிவைப்பது. கணக்கு நோட்டின் முதல் பக்கமே இதற்குப் போதும். தாளின் இடப்பக்கம் தகவல்களும், வலப்பக்கம் அவை வெளியாகியுள்ள இடங்களும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே, கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் குறிக்க வேண்டும்.

தாளில் இருக்க வேண்டியவை:

- வணிகத்தின் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில்
- கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், அருகிலுள்ள அடையாளம்
- அழைப்பதற்கான எண், வாட்ஸ்அப் எண், மின்னஞ்சல்
- வேலை நேரம், வார விடுமுறை, உணவு இடைவேளை
- பொருள்கள் அல்லது சேவைகள், அவற்றின் விலை, விலை நடைமுறைக்கு வந்த தேதி
- வெளியூர்களுக்கு அனுப்புவது பற்றிய விதிகள், கட்டணம்
- உரிம எண்கள்

எடுத்துக்காட்டாக, திருவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையை எண்ணிக்கொள்ளலாம். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரிலிருந்து அதைத் தேடுபவர் முதலில் கேட்பது, ‘எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?’ என்பதே. அதற்கான விடை தாளில் இருந்தால் இணையதளத்திலும் வாட்ஸ்அப் பட்டியலிலும் ஒரே விடை இருக்கும். ஓரிடத்தில் ‘பத்து நாள்’ என்றும் வேறோரிடத்தில் ‘ஐந்து நாள்’ என்றும் இருந்தால், பொட்டலம் தாமதமாகும்போது சச்சரவு வரும். ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது கடை கூடுதல் நேரம் திறந்திருக்குமானால் அந்த நேரமும் தாளில் சேர வேண்டும்.

சொந்த இணையதளத்தைப் பராமரித்தல்

ஆள்களப் பெயர்

இணையதளம் காணாமற்போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஆண்டுக் கட்டணம் செலுத்த மறப்பது. ‘.காம்’ போன்ற பொதுப் பெயர்களை ஒரே தடவையில் அதிக அளவாக 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். உலக அளவில் இப்பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, பதிவு நிறுவனம் கெடு முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பும் ஒரு வாரத்துக்கு முன்பும் நினைவூட்ட வேண்டும். ஆனால் அந்த நினைவூட்டல் பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலுக்கே போகும். அந்த மின்னஞ்சல் வேலையை விட்டுப்போன ஒருவருடையதாகவோ, யாரும் திறந்து பார்க்காததாகவோ இருந்தால் பயனில்லை.

கெடு முடிந்தபின் பதிவு நீக்கப்பட்டாலும் ‘.காம்’ பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்தை விடப் பல மடங்கு கேட்கப்படலாம். அதுவும் கடந்தால் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். இந்தியாவுக்குரிய ‘.இன்’ பெயர்களை நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்தில் ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்னும் உயர்நிலைப் பெயர்களும் உள்ளன.

பாதுகாப்புச் சான்றிதழ்

இணையதள முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குவது, பார்ப்பவருக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறையாக்கம் செய்யப்படுவதைக் காட்டுகிறது. 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் உலாவி, இந்த ஏற்பாடு இல்லாத தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றது’ என்று குறிக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற சேவை இச்சான்றிதழை இலவசமாக வழங்குகிறது. சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு செயல்படுகிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். அது காலாவதியானால் தளத்தைத் திறப்பவருக்கு முழுத்திரை எச்சரிக்கை வரும். பெரும்பாலோர் அத்துடன் திரும்பிவிடுவர்.

மென்பொருளும் காப்பு நகலும்

சிறு வணிகத் தளங்கள் பல, 2003 இல் வெளியான வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. அதன் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் 2013 இல் வந்த 3.7 பதிப்பு முதல் தானாகவே நிறுவப்படுகின்றன. ஆயினும் செருகுநிரல்களையும் வடிவமைப்புகளையும் தனியே கவனிக்க வேண்டும். பயன்படுத்தாத செருகுநிரலை நிறுத்திவைப்பதோடு விடாமல் நீக்கிவிடுவது நல்லது. பழைய செருகுநிரல்களில் உள்ள குறைகள் வழியாகவே பல தளங்களுக்குள் அயலார் நுழைகின்றனர். பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன் காப்பு நகல் எடுத்து, அதை வழங்கியிலேயே வைக்காமல் தனியான கணினியிலோ வன்தட்டிலோ வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்து

2000ஆம் ஆண்டையொட்டி உருவான தமிழ்த் தளங்கள் சில, தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களில் அமைந்தவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். தேடுபொறியாலும் கண்டறிய முடியாது. அத்தகைய பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

இதே குறை இன்று வேறு வடிவில் தொடர்கிறது. விலைப்பட்டியலையும் வேலை நேரத்தையும் அழகிய படமாகச் செய்து ஒட்டிவிடுவது பரவலான வழக்கம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி முழுமையாகக் கொள்ளும் என்று சொல்ல முடியாது. பார்வைக் குறைபாடு உள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் செயலிகளும் அதைச் சரியாகப் படிப்பதில்லை. விலை மாறும்போது படம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருப்பதால் பழைய படமே தங்கிவிடும். தகவலை எழுத்தாகத் தட்டச்சு செய்து, படத்தைத் துணையாக வைப்பதே சரியான முறை.

கூகுள் வணிக விவரத்தைப் பராமரித்தல்

‘அருகில் உள்ள சைக்கிள் கடை’ என்று தேடுபவர் முதலில் காண்பது பெரும்பாலும் இந்த விவரப் பதிவையே. ஆகவே சிறு கடைகளுக்கு இதுவே மிக முக்கியமான இடம் எனலாம். பதிவை உரிமையாளர் தம்முடையது என்று கோரிச் சரிபார்ப்பை முடித்தால், கட்டணமின்றித் திருத்தும் உரிமை கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

- வழக்கமான வேலை நேரத்தோடு ‘சிறப்பு நேரம்’ என்ற பகுதியும் உண்டு. பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், வாக்குப்பதிவு நாள் போன்றவற்றுக்கு முன்கூட்டியே இதை நிரப்பலாம். பொங்கலுக்கு ஒரு நாள் மட்டும் மூடும் கடையும் காணும் பொங்கல் வரை மூடும் கடையும் உண்டு. வெளியூரார் இதை ஊகிக்க முடியாது.
- யார் வேண்டுமானாலும் ‘திருத்தம் பரிந்துரை’ செய்ய முடியும். சில திருத்தங்கள் உரிமையாளர் அறியாமலே ஏற்கப்பட்டுவிடுகின்றன. கடை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று தவறாகக் குறிக்கப்படுவதும் உண்டு. மாதம் ஒருமுறையேனும் உரிமையாளர் தம் கடையைத் தாமே தேடிப் பார்க்க வேண்டும்.
- வரைபடக் குறி வாசலில் இருக்கிறதா, பின்தெருவில் இருக்கிறதா என்று நேரில் நின்று சோதிக்க வேண்டும். சரக்கு கொண்டுவரும் ஓட்டுநரும் இந்தக் குறியை நம்பியே வருகிறார்.
- முகப்புப் படம் இன்றைய பெயர்ப்பலகையைக் காட்ட வேண்டும். வண்ணம் மாற்றிய கடையைப் பழைய படத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாமல் வாடிக்கையாளர் கடந்து போய்விடுவது உண்டு.

சமூக ஊடகப் பக்கங்களைப் பராமரித்தல்

எத்தனை பக்கங்கள் வேண்டும் என்பதே முதல் கேள்வி. தொடர்ந்து கவனிக்க முடிந்த ஒன்றிரண்டு பக்கங்கள், கவனிப்பாரற்ற ஐந்து பக்கங்களை விட மேலானவை. கடைசிப் பதிவு மூன்று ஆண்டுக்கு முந்தைய ஆடித் தள்ளுபடியாக இருந்தால், கடை இன்னும் நடக்கிறதா என்ற ஐயம் எழும். பயன்படுத்தப்போவதில்லை என்று முடிவான பக்கத்தின் மேற்பகுதியில், ‘நடப்புத் தகவலுக்கு இந்த முகவரியைப் பார்க்கவும்’ என்று ஒரு நிலையான குறிப்பை வைக்கலாம். அல்லது பக்கத்தையே நீக்கலாம்.

பதிவுகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வது உதவும். ‘இன்று மாலை சூடான முறுக்கு’ என்பது ஒரு நாள் செய்தி. வாட்ஸ்அப் நிலைத்தகவலும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் இத்தகைய செய்திக்கு ஏற்றவை. ‘மொத்தமாக வாங்குவோருக்கான நிபந்தனைகள்’ என்பது நிலைத்த செய்தி. அது பக்கத்தின் அறிமுகப் பகுதியிலோ, மேலே பொருத்திவைக்கும் பதிவிலோ, இணையதளத்திலோ இருக்க வேண்டும். நிலையான பதிவாக இடும் சலுகை அறிவிப்பில் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் ஆண்டுடன் குறிப்பிட வேண்டும். ‘இந்த வாரம் மட்டும்’ என்று ஆண்டில்லாமல் போட்ட அறிவிப்பு, பின்னொரு நாள் யாரோ பகிர்வதால் மீண்டும் உலவி, கடையில் வாக்குவாதத்தில் முடியும்.

2018 இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியல், வரவேற்புச் செய்தி, கடை மூடிய நேரத்துக்கான தானியங்கிப் பதில் ஆகிய வசதிகள் உள்ளன. கடை நேரம் மாறும்போது இந்தத் தானியங்கிப் பதிலையும் மாற்ற வேண்டும். இது பெரும்பாலும் மறக்கப்படுவது.

கேள்விகளுக்கு விடையளிப்பதும் பராமரிப்பின் பகுதியே. விலை கேட்பவருக்குத் தனிச்செய்தியில் மட்டும் பதில் சொல்வதை விடப் பொதுவிலேயே விலையைத் தெரிவிப்பது மற்றவர்க்கும் பயன்படும். குறை கூறும் விமர்சனத்துக்குச் சினமின்றி, நடந்ததைக் கேட்டறிந்து, சரிசெய்யும் வழியைக் கூறுவது நல்லது. அதைப் படிப்போர் குறையை மட்டுமன்றிக் கடைக்காரர் பதில் சொன்ன விதத்தையும் பார்க்கின்றனர். உறவினர் மூலம் புகழுரை எழுதச் செய்வது நேர்மையன்று. இணைய விமர்சனங்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டுள்ளது.

படங்களைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரின் முகமோ குழந்தைகளோ இருக்கும் படத்தை அவர்களின் அல்லது பெற்றோரின் ஒப்புதல் பெற்றே வெளியிட வேண்டும். திரைப்படப் பாடலை விளம்பரக் காணொளிக்குப் பின்னணியாக வைப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்ச் சிக்கலை உண்டாக்கலாம். காணொளி நீக்கப்படவும் கூடும்.

உரிமையும் கடவுச்சொல்லும்

சிறு வணிகங்களில் இணைய வேலையை முதலில் தொடங்குபவர் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ, கடையில் பணியாற்றும் இளைஞரோ, தெரிந்த வடிவமைப்பாளரோ ஆவார். அவர் தம் சொந்த மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலுமே எல்லாக் கணக்குகளையும் தொடங்கிவிடுகிறார். அவர் வெளியூர் சென்றபின், அல்லது மனவேறுபாட்டால் பிரிந்தபின், ஒரு தொலைபேசி எண்ணை மாற்றக்கூட வழியில்லாமல் போகிறது. இருபது ஆண்டு உழைப்பில் உருவான கடைப்பெயர், இணையத்தில் இன்னொருவர் கையில் இருக்கும் நிலை இது. இதில் எப்போதும் தீய எண்ணம் இருப்பதில்லை. தொடக்கத்தில் யாரும் இதைப் பற்றிச் சிந்திப்பதில்லை என்பதே காரணம்.

இதைத் தவிர்க்கும் வழிகள்:

- வணிகத்துக்கெனத் தனி மின்னஞ்சல் தொடங்கி, எல்லாக் கணக்குகளையும் அதனுடன் இணைத்தல்.
- ஆள்களப் பெயர், வழங்கி இரண்டின் பதிவும் உரிமையாளர் அல்லது நிறுவனத்தின் பெயரில் இருத்தல். வடிவமைப்பாளருக்குப் பணம் கொடுக்கும்போதே இதை எழுத்தில் பெறுதல்.
- முகநூல் பக்கம், கூகுள் விவரப் பதிவு ஆகியவற்றில் பிறரைச் சேர்க்கும் வசதி உண்டு. உதவியாளருக்கு உரிமையாளரின் கடவுச்சொல்லைத் தராமல், தனி அனுமதி தரலாம். அவர் விலகும்போது அதை நீக்கலாம். ஒரு கணக்கு முடங்கினாலும் பக்கம் கைவிட்டுப் போகாமலிருக்க, முழு அதிகாரம் உள்ளவர்கள் இருவராவது இருக்க வேண்டும்.
- இருபடிச் சரிபார்ப்பை இயக்குதல். வாட்ஸ்அப் கணக்கைப் பதிவுசெய்ய வரும் ஆறிலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. கடை வாட்ஸ்அப் பறிபோனால், அதன் பெயரில் வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்கப்படும்.
- கைப்பேசி எண்ணை மாற்றுவதற்கு முன், அந்த எண்ணுடன் இணைந்த கணக்குகள் அனைத்தையும் புதிய எண்ணுக்கு மாற்றுதல்.
- கடவுச்சொற்களை எழுதிய உறையை, வீட்டில் பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வைத்து, குடும்பத்தில் ஒருவருக்குத் தெரிவித்தல். உரிமையாளர் நோயுற்றாலோ இறந்தாலோ வணிகத்தைத் தொடர்பவருக்கு இது உதவும்.

சட்டம் சார்ந்த தகவல்கள்

இணையம் வழியே பொருளை விற்கும் நிறுவனங்களுக்கு, நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 பொருந்தும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலர் பெயர் ஆகியவை தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலர் மாறினால் தளத்திலும் பெயர் மாற வேண்டும். உணவுப் பொருள் விற்போரின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், அதன் காலவரம்பும் தகவல் தாளில் இடம்பெற வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரியைச் சேகரிப்போர் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பற்றியும் அறிந்திருக்க வேண்டும்.

பராமரிப்புக் கால அட்டவணை

தனி ஊழியர் இல்லாத கடைக்கு ஏற்ற எளிய அட்டவணை பின்வருமாறு அமையலாம்.

வாரந்தோறும்: விடையளிக்காத கேள்விகள், விமர்சனங்கள் பார்த்தல், இருப்பில் இல்லாத பொருளைப் பட்டியலில் குறித்தல், இயன்றால் புதிய படம் ஒன்று இடுதல்.

மாதந்தோறும்: கடையின் பெயரைத் தேடிப் பார்த்தல், கைப்பேசியில் இணையதளத்தைத் திறந்து, அதில் உள்ள எண்ணைத் தொட்டு அழைப்பு வருகிறதா என்று சோதித்தல், மென்பொருள் புதுப்பித்தல், காப்பு நகல் எடுத்தல்.

பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு: சிறப்பு நேரம், முன்பதிவுக் கடைசி நாள், வெளியூர்ப் பொட்டலங்களுக்கான கடைசி நாள் ஆகியவற்றை அறிவித்தல். பண்டிகை முடிந்த மறுநாள் அவற்றை நீக்குதல்.

ஆண்டுதோறும்: ஆள்களப் பெயர், வழங்கி, உரிமங்கள் ஆகியவற்றின் கெடுவைப் பார்த்தல், யார் யாருக்கு அனுமதி உள்ளது என்று சரிபார்த்தல், கடவுச்சொற்களைச் சோதித்தல். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைக்கும் நாளையே இதற்கும் நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

இடமாற்றமும் மூடலும்

கடை வேறிடத்துக்கு மாறும்போது, புதிதாக ஒரு விவரப் பதிவைத் தொடங்குவதை விடப் பழைய பதிவிலேயே முகவரியை மாற்றுவது பொருத்தமானது. இல்லையெனில் ஒரே கடைக்கு இரண்டு குறிகள் வரைபடத்தில் நின்று குழப்பும். பல ஆண்டு விமர்சனங்களும் பழைய குறியிலேயே தங்கிவிடும். மாற்றத்துக்கு முன்பிருந்தே புதிய முகவரியையும் தொடங்கும் நாளையும் எல்லாப் பக்கங்களிலும் அறிவிக்க வேண்டும்.

வணிகத்தை மூடும்போதும் முறையாக மூட வேண்டும். நிலுவையிலுள்ள முன்பதிவுகளை முடித்து, விவரப் பதிவில் நிரந்தரமாக மூடப்பட்டதைக் குறித்து, பக்கங்களில் ஒரு கடைசி அறிவிப்பை வைக்கலாம். ஆள்களப் பெயரை உடனே கைவிடாமல் மேலும் ஓரிரு ஆண்டுகள் வைத்திருப்பது நல்லது. கைவிடப்பட்ட பெயர்களைச் சூதாட்டத் தளம் நடத்துவோரும் மோசடியாளரும் வாங்கிக்கொள்வதுண்டு. அப்போது கடையின் பழைய பையில் உள்ள முகவரியைத் தட்டச்சு செய்யும் பழைய வாடிக்கையாளர், அக்கடையின் பெயரில் அவர்களிடம் போய்ச் சேர்வார்.

மாணவர் செயல்திட்டம்

வணிகவியல், கணினிப் பயன்பாடு பயிலும் மாணவர்கள் இப்பொருளை எளிய களப்பணியாகச் செய்யலாம். ஒரு தெருவில் பத்துக் கடைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் உள்ள பெயர், நேரம், எண், வரைபடக் குறி ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நேரில் சென்று கடைக்காரரிடம் கேட்டு ஒப்பிட வேண்டும். எத்தனை தகவல்கள் பொருந்தின, எவை பொருந்தவில்லை, பொருந்தாமைக்குக் காரணம் என்ன, திருத்தும் அனுமதி யாரிடம் உள்ளது என்று அட்டவணையிட வேண்டும். கடைக்காரரின் அனுமதியின்றி எதையும் மாற்றக் கூடாது. அவர் விரும்பினால், அவருடைய கைப்பேசியிலேயே அவர் கையாலேயே திருத்தும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம். அடுத்த பண்டிகைக்கு நேரத்தை மாற்ற அவர் எவரையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.